டாங்கி செய்யும் ஊரில் கியர்பாக்ஸ் மெக்கானிக்கைத் தேடி...

சென்னையின் மேற்குப் பக்கம் வண்டிகளால் வளர்ந்த பகுதி என்றால் மிகையாகாது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு முகவரி கொடுத்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998-லிருந்து ஹூண்டாய் கார்கள் வெளியே வருகின்றன. பிரேக், சக்கரம், செயின், கியர், முழு டாங்கி... இந்தப் பக்கத்தில் செய்யாத உறுப்பு எது என்று தேடினால்தான் உண்டு!

இவ்வளவும் இருக்கிற ஊரில், சொந்தக் காரின் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் மேம்படுத்திக்கொள்ள நல்ல மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பாருங்கள். ஒரு மாதம் அலைந்தாலும் கிடைப்பது கஷ்டம். கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு உப்புக்கு அலைகிற கதைதான்.

ஏன் இப்படி? யாரைத் தேட வேண்டும்? தேடிக் கண்டுபிடித்தவரைத் தகுதியானவர் என்று எதை வைத்து நம்புவது? இதுதான் விஷயம். கார் பைத்தியங்களுக்கு மட்டுமான விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தப்பாக மாற்றப்பட்ட கார் சி.டி.எச். ரோட்டில் ஓடும்போது, பக்கத்தில் ஸ்கூட்டியில் குழந்தையோடு போகிறவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நாலு கதவுகள்

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்பத்தூரில் வீடு. வாசலில் அப்பா ஓட்டிய கான்டெசா நிற்கிறது. 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்து, 2002-ல் நிறுத்திவிட்ட கார். இவருடையது ஆரம்ப கால மாடல். அம்பாசிடரில் இருந்த அதே 1,489 சி.சி. இன்ஜின், நாலு கியர். அவ்வளவு பெரிய உடம்பை அந்தச் சின்ன இன்ஜின் இழுத்துக்கொண்டு போவதற்குள் மூச்சு முட்டும். பின்னால் அதே காரில் கம்பெனியே இசுசு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வைத்து விற்றது. அப்பா இல்லை. காரை விற்க மனசு வரவில்லை. "அந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இதில் ஏற்றினால் என்ன?" என்று இவருக்கு ஓர் ஆசை.

முதலில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகிறார். "சார், இந்த மாடலுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது. எக்ஸ்சேஞ்ச் போட்டுப் புது வண்டி எடுத்துக்குங்களேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வேலை புத்தகத்தில் எழுதியிருப்பதைச் செய்வது. கெட்டுப்போன உறுப்பைக் கழற்றிப் புதுசு மாட்டுவது. புத்தகத்தில் இல்லாததைத் தொட்டால் வாரண்டி பிரச்சினை.

இரண்டாவது, ரோட்டோர ஷெட்.

"அண்ணே, இதுக்கு இசுசு இன்ஜின் ஏறுமா?"

"ஏத்திடலாம் சார். மவுண்டிங்க கொஞ்சம் வெட்டி வெல்டு வெச்சா உக்காந்துரும். நாளைக்கே வண்டிய விடுங்க."

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரின் பானெட்டைக்கூடத் திறந்து பார்க்காமல் வந்த பதில் அது.

மூன்றாவது, ரேஸ் ஆட்கள். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் 1990-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. ஆக, கியர் விகிதத்தை மாற்றுவதும் கிளட்சைப் பலப்படுத்துவதும் தெரிந்த கைகள் இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கின்றன. அப்படி ஒருவரிடம் கேட்டால் வேறு பதில் வரும். "ரோட் வண்டியா? நாங்க ஒவ்வொரு ரேசுக்கும் பெட்டியப் பிரிச்சுப் பார்ப்போம் தம்பி. நீங்க அப்படிப் பிரிப்பீங்களா?" நியாயமான கேள்விதான். ரேஸ் கார் சில நூறு கிலோமீட்டர் தாங்கினால் போதும். வீட்டுக் கார் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் யாரும் திறக்காமல் ஓட வேண்டும்.

நாலாவது கதவு பக்கத்து வீட்டில். தொழிற்பேட்டையில் கியர் வெட்டும் பட்டறையில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர். "நான் ஹாபிங் மிஷின்ல நிக்கறேன் தம்பி. டிராயிங் குடுத்தா பல்லு வெட்டித் தருவேன். அது எந்த வண்டிக்குப் போவுதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

இந்த நாலாவது பதிலில்தான் ஊரின் புதிர் அவிழ்கிறது. தொழிற்சாலை என்பது வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கும் இடம். ஒருவர் பல் வெட்டுவார், ஒருவர் சூளையில் பதப்படுத்துவார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் அளப்பார். அந்தத் துண்டை அவரைப் போல் செய்ய ஆள் கிடையாது. ஆனால் எல்லாத் துண்டையும் சேர்த்து ஒரு காராகப் பார்க்கிற கண் வேறு. அது டிராயிங் போடுகிறவர்களிடம் இருக்கிறது. அவர்கள் ஷெட் வைப்பதில்லை!

இன்ஜின் பெரிசானால் என்ன ஆகும்?

டிரைவ் டிரெய்ன் என்பது இன்ஜினின் சக்தியைச் சக்கரம் வரை கொண்டுபோகும் அத்தனை உறுப்புகளுக்கும் சேர்த்து வைத்த பெயர். கான்டெசா மாதிரி பின்சக்கரம் ஓட்டும் காரில் கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் என்று இது வரிசையாகப் போகும். இன்றைய பெரும்பாலான சின்னக் கார்களில் முன்சக்கரமே ஓட்டுவதால் நீள ஷாஃப்ட் கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து நேராக இரண்டு டிரைவ் ஷாஃப்ட், சி.வி. ஜாயிண்டோடு சக்கரத்துக்குப் போய்விடும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இன்ஜின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் விகிதம் 3.5. டிஃபரன்ஷியலில் இருக்கும் கிரௌன் வீல், பினியன் விகிதம் 4. பெருக்கினால் 1,400. அதாவது ஆக்ஸிலுக்குப் போய்ச் சேர்வது (உராய்வில் போவதை விட்டுவிட்டால்) 1,400 நியூட்டன் மீட்டர். இப்போது 150 தரும் இன்ஜினை மாற்றினால்? ஆக்ஸிலுக்கு 2,100! இன்ஜினில் கூடியது 50. ஆக்ஸில் தலையில் கூடுதலாக ஏறியது 700. பழைய ஆக்ஸிலும் பழைய பினியனும் இதைத் தாங்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

டயர் விஷயமும் அப்படியே. ஜீப், ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் அழகுக்காகப் பெரிய டயர் போடுவார்கள். 28 அங்குல டயர் இருந்த இடத்தில் 31 அங்குலம் போட்டால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-ல் போய்க்கொண்டிருக்கும். டிஃபரன்ஷியல் விகிதத்தைச் சுமார் பத்து சதவீதம் குறைத்துவிட்ட மாதிரி இழுவையும் குறையும். ஏற்றத்தில் கிளட்சைத் தேய்த்துத் தேய்த்து ஏற வேண்டியதுதான். பிறகு கிளட்ச் பிளேட் எரிந்துவிட்டது என்று கம்பெனியைத் திட்டுவார்கள். டயரை யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஆக, டிரைவ் டிரெய்னில் ஒன்றைத் தொட்டால் அத்தனையும் அசையும். இதைப் புரிந்தவர்தான் இந்த வேலைக்கு மெக்கானிக்.

ஆவடி கற்றுத் தரும் பாடம்

இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். ஆவடியிலேயே இருக்கிறது, அதுவும் 68 டன் எடையில்!

அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974-ல் அனுமதி கிடைத்தது. அதை வடிவமைத்தது ஆவடியில் 1976-லிருந்து இயங்கும் சி.வி.ஆர்.டி.இ. என்ற போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம். அருகிலேயே இருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை 1965-லேயே விஜயந்தா டாங்கியை வெளியே கொண்டுவந்த இடம். இத்தனை அனுபவம் இருந்தும் அர்ஜுனின் 1,400 குதிரைத்திறன் இன்ஜின் ஜெர்மனியின் எம்.டி.யூ. கம்பெனியுடையது. கியர்பாக்ஸும் ஜெர்மனிதான், ரெங்க் கம்பெனி. சொந்தமாகச் செய்யும்வரை வெளியே வாங்குவது என்று ஆரம்பித்த ஏற்பாடு அது. 1,500 குதிரைத்திறன் உள்ள உள்நாட்டு டாங்கி இன்ஜின் மைசூரில் பி.இ.எம்.எல். ஆலையில் முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்பட்டது 2024 மார்ச்சில். திட்டம் தொடங்கி ஐம்பது வருஷம்! சக்தியை உண்டாக்கிச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டமான கலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு விஷயம் கார்க்காரர்களுக்கு நேரடியாக உதவும். 2004-ல் படையிடம் போன முதல் அர்ஜுன் ஏறக்குறைய 58.5 டன். 2021 பிப்ரவரி 14-ல் சென்னையில் ஒப்படைக்கப்பட்ட மார்க் 1ஏ ஏறக்குறைய 68 டன். இன்ஜின் அதே 1,400 குதிரைத்திறன். டன்னுக்கு 24 குதிரை இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 20-க்குச் சற்று மேல்தான். என்ன செய்தார்கள்? கடைசிக் கட்டப் பல்சக்கர விகிதத்தை, அதாவது ஃபைனல் டிரைவை மாற்றினார்கள். இழுவை கூடியது. பதிலுக்கு உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரிலிருந்து 60-க்குக் கீழே இறங்கியது. எடைக்கு ஏற்றபடி சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். பிறகு பாலைவனத்தில் சோதனை மேல் சோதனை.

கவனியுங்கள். ஒன்றைப் பெற வேண்டுமானால் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்று டாங்கி செய்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இழுவையும் கூடும், வேகமும் கூடும், மைலேஜும் கூடும், எதுவும் உடையாது என்று ஒரு ஷெட்டில் சொன்னால், அந்த ஷெட் ஆவடியைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்!

அளக்கிற கை

டிஃபரன்ஷியல் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரௌன் வீலும் பினியனும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டு பல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். பேக்லாஷ் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். ஒரு தாள் காகிதம், மிஞ்சினால் இரண்டு தாள், அவ்வளவு தடிமன். குறைந்தால் சூடாகிப் பல் கீறும். கூடினால் ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் 'டக்' என்று அடி விழும். பல்லில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஷிம் மாற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு தடவையில் சரியாக அமையாது. பொறுமை இருக்கிறவருக்குத்தான் இந்த வேலை.

காதால் கேட்டே கோளாறு கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அது பெரிய திறமை, மறுக்க முடியாது. ஆனால் ரிப்பேர் வேறு, மேம்படுத்துவது வேறு. ரிப்பேரில், பழையபடி ஆக்கிவிட்டால் போதும். 'பழையபடி' என்று ஓர் அளவுகோல் ஏற்கனவே இருக்கிறது. மேம்படுத்துவதில் அப்படி ஒன்று கிடையாது. கம்பெனி போட்ட கணக்கை அழித்துவிட்டுப் புதுக் கணக்குப் போட வேண்டும். அதற்குக் காது மட்டும் போதாது. டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் டார்க் ரெஞ்சும் வேண்டும். அவற்றைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் எடுத்து உபயோகிக்கும் பழக்கமும் வேண்டும்.

அளக்காமல் செய்தால் என்ன நடக்கும்? புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் குறைத்து வெல்டு வைத்து, பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் வேகத்தில் வண்டியே அதிரும். நாளடைவில் யூ ஜாயிண்ட் கிராஸ் விட்டுப்போய் ஷாஃப்டின் முன்முனை ரோட்டில் விழலாம். ஓடுகிற காரின் அடியில் இரும்புக் கம்பம் ஊன்றினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். உடைந்த கியர் பல்லுக்கு வெல்டு வைத்துக் கடைந்து தருவது இன்னொரு வழக்கம். பல்லின் மேல்தோலைச் சூளையில் கடினப்படுத்தித்தான் அனுப்பியிருப்பார்கள். வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும். பார்க்கப் பல் மாதிரி இருக்கும், பல்லாக இருக்காது. சிலர் டிஃபரன்ஷியலையே வெல்டு வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், சேற்றில் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கட்டும் என்று. தார் ரோட்டில் திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற, ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். சில வகை வண்டிகளில் ஆக்ஸில் முறிந்தால் சக்கரமே கழன்று வெளியே போய்விடும்.

எண்ணெய்கூடச் சாதாரண விஷயம் இல்லை. ஜி.எல்.-5 என்று போட்ட கியர் ஆயில் டிஃபரன்ஷியலுக்கு நல்லது. அதே எண்ணெயில் இருக்கும் கந்தகச் சேர்மானம் சில கியர்பாக்ஸ்களின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரித்துவிடும். ஜி.எல்.-4 கேட்கும் பெட்டிக்கு அதைத்தான் ஊற்ற வேண்டும். "நம்பர் பெரிசா இருந்தா நல்ல ஆயில் சார்" என்று சொல்கிறவரிடம் கியர்பாக்ஸைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

சான்றிதழ் பார்க்கலாமா?

பார்க்கலாம், தப்பில்லை. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு வருஷம். அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஆவடியில் 1957-லிருந்து முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. ஷெட்டிலேயே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்து, பள்ளிக்கூடம் முடிக்காதவர்களின் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தருவதற்கும் மத்திய அரசுத் திறன் பயிற்சித் திட்டத்தில் வழி வந்தது. நல்ல விஷயம்தான்.

ஆனால் அந்தச் சான்றிதழ் ஒருவர் கியர்பாக்ஸைச் சரியாகப் பிரித்துப் பூட்டுவார் என்று சொல்லும். 'கம்பெனி போடாத கியரை இதில் போடலாமா' என்ற கேள்விக்கு எந்தச் சான்றிதழிலும் பதில் இல்லை. ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்த பிறகும் சில கேள்விகள் கேட்டாக வேண்டும்.

'எதற்காக மாற்றுகிறீர்கள்?' என்று அவர் முதலில் கேட்கிறாரா? மலைக்குப் போகவா, ஹைவேயில் ஓடவா, எத்தனை பேர் உட்காருவீர்கள் என்று விசாரிக்கிறாரா? பிரேக்கைப் பற்றித் தானாகப் பேசுகிறாரா? வேகம் கூட்டித் தருகிறேன் என்பவர், நிறுத்துவதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். பிரிப்பதற்கு முன்னால் இருந்த அளவையும் பூட்டிய பின் உள்ள அளவையும் காகிதத்தில் எழுதித் தருவாரா? கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுப்பாரா?

இன்னொரு வழியும் உண்டு. மெக்கானிக்கைப் பற்றி மெக்கானிக்கிடமோ அவருடைய கஸ்டமரிடமோ கேட்பதைவிட, லேத் பட்டறையில் கேட்கலாம். டிரைவ் டிரெய்ன் வேலையை எந்த மெக்கானிக்கும் தனியாகச் செய்துவிட முடியாது. ஷாஃப்ட் கடைய ஓர் இடம், பல் வெட்ட ஓர் இடம், பதப்படுத்த ஓர் இடம், பேலன்ஸ் பார்க்க ஓர் இடம். அம்பத்தூர், பாடி, திருமழிசைப் பக்கத்துப் பட்டறைகளில் இதெல்லாம் நடக்கிறது. அந்தப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். யார் டிராயிங் போட்டு, அளவு எழுதி, எந்த ரக இரும்பு என்று குறித்துக் கொண்டுவருகிறார், யார் உடைந்த துண்டைக் கொண்டுவந்து "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்கிறார் என்று! முதல் ஆளின் பெயரைக் கேட்டு வாங்கிவிட்டால் தேடல் பாதி முடிந்தது.

சட்டமும் இருக்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கும் கம்பெனி முதலில் கொடுத்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்ஜினை மாற்றுவதென்றால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அம்பத்தூர் வண்டிக்கு டி.என். 13, பூந்தமல்லிக்கு டி.என். 12, அந்தந்த ஆர்.டி.ஓ. அலுவலகம். அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பதினைந்து வருஷம் தாண்டிய காரை மறுபதிவுக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் வெளியே வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்.

தகுதியான மெக்கானிக் இதை முதல் நாளே சொல்வார். "பேப்பர் வேலை உங்க பொறுப்பு சார், அது முடிஞ்சா நான் இன்ஜினத் தொடறேன்" என்பவர் கறார் பேர்வழி மாதிரி தெரியலாம். அவர் காப்பாற்றுவது கஸ்டமரைத்தான்.

'வேணாம்' என்ற சொல்லின் விலை

கான்டெசாக்காரர் கடைசியில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். போர்டுகூட இல்லாத ஷெட். காரை ஜாக்கியில் ஏற்றி, ஷாஃப்டை ஆட்டிப் பார்த்து, டிஃபரன்ஷியல் எண்ணெயை இறக்கி விரலில் தேய்த்துப் பார்த்து, அரை நாள் கழித்துச் சொல்கிறார்.

"இன்ஜின மாத்த வேணாம் தம்பி. இந்த ஆக்ஸில் அத நம்பிச் செஞ்சது இல்ல. பினியன் பேரிங் போயிருக்கு, கிளட்ச் வழுக்குது, பிரேக்கும் சுமார். இருக்கிற சக்தியே சக்கரத்துக்கு முழுசாப் போய்ச் சேரல. அத மொதல்ல சேத்துடலாம். அப்புறம் ஆறு மாசம் ஓட்டிப் பாருங்க. அப்பவும் வேணும்னா ஆக்ஸில்லேர்ந்து ஆரம்பிச்சு முன்னாடி வருவோம்."

அந்த அரை நாளைக்கு அவருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஒரு டீயும் ஒரு 'தேங்ஸ்ணா'வும்தான். இங்கே மாட்டிய பாகத்துக்கும் மாட்டிய கூலிக்கும்தான் பணம். பார்த்துச் சொன்னதற்குக் கூலி கேட்டால், "சும்மா பார்த்ததுக்கா?" என்று கோபம் வருகிறது. டாக்டர் மருந்து எழுதாமல் 'ஒன்றுமில்லை, போய் வாருங்கள்' என்றாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறவர்கள், மெக்கானிக்கிடம் மட்டும் பேரம் பேசுவார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். 'ஏத்திடலாம்' என்று சொன்னவருக்கு வேலை கிடைக்கிறது. 'வேணாம்' என்றவருக்கு அரை நாள் நஷ்டம். வருஷக்கணக்கில் இப்படியே போனால் எந்த வகை ஆள் மிஞ்சுவார்? நல்ல மெக்கானிக் கிடைக்கவில்லை என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் மெக்கானிக்குகள் என்றால், மீதிப் பாதி கஸ்டமர்கள்.

இதற்கிடையில் காலமும் மாறுகிறது. 2014-ல் செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி. கியர்பாக்ஸ் மாதிரி, இப்போதைய பெட்டிகளில் கிளட்சை மிதிப்பதே ஒரு கம்ப்யூட்டர்தான். அதைத் திறக்க ஸ்பேனரோடு ஸ்கேனரும் வேண்டும். மின்சாரக் காருக்குக் கிளட்சே கிடையாது. ஐ.டி.ஐ. முடித்த பையன்களில் பலர் சீருடையும் கேன்டீனும் உள்ள கம்பெனி வேலைக்குத்தான் போக விரும்புகிறார்கள். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? நீல மை தடவிப் பல் தடம் பார்க்கிற அந்த ஐம்பது வயதுக்காரரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஒரு பையன் இருந்தால்தான், அவர் கையில் இருப்பது இன்னொரு கைக்குப் போகும். பையன் நிற்க வேண்டுமானால் அந்த ஷெட்டில் அவனுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் புழங்க வேண்டும்.

ஆகவே, காரை மேம்படுத்த நினைப்பவர்கள் பட்ஜெட் போடும்போது கியர், கிளட்ச், கூலி என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: பார்த்துச் சொல்வதற்கு இவ்வளவு. அந்தப் பணத்தை முதலிலேயே மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு, "செய்யலாமா, வேணாமான்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். எதையும் விற்க வேண்டிய கட்டாயம் இல்லாத நேரத்தில் ஒரு மெக்கானிக் என்ன சொல்கிறாரோ, அதில் அவருடைய தகுதி தெரிந்துவிடும்.